மூன்று வாரத்தில் மருந்தைக் கைவிட வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. இரண்டு வருடமாகக் கன்னத்திலும் தாடையிலும் சிவந்த முகக்குரு. தக்கலையில் ஒரு தோல் மருத்துவர் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு கலந்த ஜெல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் எழுதினார். மூன்று வாரமாகியும் குறையவில்லை, முகம் உரிகிறது. நாகர்கோவிலில் ஓரிடத்தில், ‘மருந்தே வேண்டாம், நீல ஒளியில் எட்டு சிட்டிங் போதும்’ என்கிறார்கள். கல்யாணப் பேச்சும் நடக்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த எட்டு சிட்டிங்குக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். மகளுக்குக் கிடைத்திருப்பது சரியான மருந்து. அது வேலை காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் தோல் உரிவதும், சிலருக்குப் பரு கூடினாற்போலத் தெரிவதும் வழக்கம்தான்.

நீல ஒளி ஏமாற்று வேலை இல்லை. பருவுக்குள் பெருகும் கிருமி போர்ஃபிரின் என்ற பொருளை உண்டாக்குகிறது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீள ஒளி அதன்மேல் பட்டால் கிருமி சாகும். ஆனால் பரு தொடங்குவது மயிர்த்துளை அடைபடுவதில். அந்த அடைப்பை ஒளி திறப்பதில்லை, அடாபலீன் திறக்கும். சிட்டிங் முடிந்தபின் கிருமி மறுபடி பெருகும், பருவும் திரும்பும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் 71 ஆய்வுகளை, 4,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, அலசியது. ஒளி சிகிச்சையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு வலுவான சான்று அதில் கிடைக்கவில்லை.

மருந்து பூசி ஒளி காட்டும் ‘ஃபோட்டோடைனமிக்’ முறை இன்னும் வீரியமானது. எரியும், சிவக்கும், இரண்டு நாள் வெயில் முகத்தில் படவே கூடாது. நம் மாநிறத் தோலில் பரு போன இடத்தில் கருந்தழும்பு எளிதில் விழும். நீல ஒளியே சிலருக்குக் கருமையைக் கூட்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மருந்தோடு கூடுதல் துணையாக வேண்டியவர்களுக்கும் நீல ஒளி பயன்படலாம். அதையும் தோல் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இப்போது உரிவதைக் கவனிப்போம். ஜெல்லைப் பருவின்மேல் மட்டும் அப்பாமல், ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிதாக, இரவில் பூசட்டும். எரிச்சல் அதிகமென்றால் ஒன்றுவிட்டொரு நாள். கூடவே எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர். ஜெல் பட்ட தலையணை உறையும் துண்டும் நிறம் வெளுக்கும், பயப்படாதீர்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்காத வீடு நம் மாவட்டத்தில் அபூர்வம். நெற்றிக்கும் கன்னத்துக்கும் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின், நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாளென்றால் இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி விடுங்கள். டாக்ஸிசைக்ளின் வெயிலைத் தாங்கவிடாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வேளைக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: கல்யாண அவசரத்தில் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த ‘வெள்ளையாக்கும்’ கிரீமை வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து பரு இரட்டிப்பாகும்.

12 வாரம் கழித்தும் மாற்றமில்லை என்றாலோ, பரு கட்டியாகிக் குழி விழுந்தாலோ, அதே மருத்துவரிடம் போங்கள். செலவு தடையென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அப்போது ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை பற்றிப் பேச்சு வரலாம். தீவிரமான பருவுக்கு அதுபோல் கேட்கும் மருந்து வேறில்லை. ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிக்கும்; சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. டாக்ஸிசைக்ளினோடு சேர்த்தும் சாப்பிடக் கூடாது. ஆகவே கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டால், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.