கூரைக்கடியில் தொங்கும் செடிகள்: கேள்வி பதில்

18 வருடங்களாக நர்சரி நடத்துகிறேன். குன்னூரில் ஒரு சின்ன பாலிஹவுஸ் (பாலித்தீன் போர்த்திய குடில்), மேட்டுப்பாளையத்தில் ஒரு நிழல்வலைக் குடில். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர வித்தியாசம். ஒரே செடி மேலே ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் நடந்துகொள்வதைத் தினமும் பார்க்கிறேன். பசுமைக்குடிலில் தொங்குதொட்டி வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, என் கைப்பழக்கத்தில் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கோவை: அக்கா, தினமும் காலையில் தண்ணீர் விடுகிறேன். தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிகிறது. ஆனாலும் மதியத்துக்குள் செடி துவண்டுவிடுகிறது. அதே செடி தரையில் நன்றாக இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

தவறு உங்களிடம் இல்லை தம்பி, உயரத்தில் இருக்கிறது. சூடான காற்று மேலே போய்க் கூரைக்கடியில் தங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் குடிலுக்குள் நிற்கும்போது மறந்துவிடுகிறோம். ஒரு சித்திரை மதியம் என் மேட்டுப்பாளையம் குடிலில் இடுப்பு உயரத்தில் வெப்பமானி 34 டிகிரி காட்டியது. அதையே தொட்டி தொங்கும் உயரத்தில் கட்டினேன், 39. நாம் நிற்கும் இடத்துக் காற்றை வைத்து அந்தச் செடிக்கு எவ்வளவு தாகம் என்று கணக்குப் போட முடியாது. 200 ரூபாய் வெப்பமானி ஒன்றை வாங்கித் தொட்டி உயரத்தில் கட்டுங்கள். முதல் வேலை அதுதான்.

அடுத்தது, தண்ணீர் வடிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. கலவை சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த வழியாகவே இறங்கி வெளியே போய்விடும், வேருக்கு ஒரு சொட்டும் போகாது. அப்படியே கழற்றி, ஒரு அகலமான பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, தொட்டியின் பாதிக்கு மேல் மூழ்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு எடுத்து வடியவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம், விரலைவிட்டு ஈரம் பார்ப்பதை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். நன்றாக நனைத்து வடிந்த தொட்டியை அடியில் உள்ளங்கை கொடுத்து லேசாகத் தூக்குங்கள். அந்தக் கனம் கைக்குப் பழகட்டும். மறுநாள் காலையில் மறுபடி தூக்குங்கள். ஒரு வாரத்தில் கையே சொல்லிவிடும். என்னிடம் வேலை செய்யும் பெண்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இதைத்தான். கத்திரி வெயில் நாட்களில் காலை ஒரு தடவை, மாலை 4 மணிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை தேவைப்படும். மார்கழியில் இரண்டு நாளுக்கு ஒரு முறையே போதும் என்று கை சொன்னால், நம்பி விட்டுவிடுங்கள்.

அம்பத்தூர்: மாடியில் நிழல்வலை போட்டு 20 தொட்டிகள் தொங்கவிடப் போகிறேன் மேடம். வீட்டில் செம்மண் நிறைய இருக்கிறது. அதையே நிரப்பலாமா?

வேண்டாம் அம்மா. 10 அங்குலத் தொட்டியில் சுமார் 6 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண்ணை நிரப்பி நனைத்தால் ஒரு தொட்டியே 10 கிலோவைத் தாண்டிவிடும். 20 தொட்டி என்றால் 200 கிலோவுக்கு மேல். கோகோபீட் கலவை என்றால் அதில் பாதிதான் வரும். எடை மட்டுமல்ல, தினமும் தண்ணீர் விட விடச் செம்மண் இறுகி வேருக்குக் காற்று கிடைக்காமல் போகும்.

நான் போடுவது கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்கவில்லை என்றால் கருக்கிய நெல் உமி போடுங்கள், நன்றாகவே வேலை செய்யும். ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்ப்பேன்.

கோகோபீட்டைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் வரை உப்பிவரும். ஊறியதும் அப்படியே போட்டுவிடாதீர்கள். நாரில் இயற்கையாகவே உப்பு இருக்கும். சோடியமும் பொட்டாசியமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். துணியில் கட்டி நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழியுங்கள். பிழிந்து வரும் தண்ணீர் டீ நிறத்திலிருந்து வெளிறும் வரை அலச வேண்டும். கழுவிய கட்டி என்று போட்டு விற்பதை வாங்கினாலும் ஒரு தடவை அலசிவிடுவது என் பழக்கம். நட்ட பத்தாம் நாள் இலை நுனி கருகுவதற்கு முக்கால்வாசி நேரம் இந்த உப்புதான் காரணம்.

வலைக் கம்பியில் நேராக மாட்டாதீர்கள். வலையைத் தாங்கும் கம்பி வலையை மட்டும்தான் தாங்கும். தொட்டிகளுக்குத் தனியாக ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம்: வணக்கம் அக்கா. நிழல்வலைக்குள் பெட்டூனியா கன்றுகள் தொங்கவிட்டிருக்கிறேன். புது இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உரம் கூட்டிக் கொடுத்தும் மாறவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன்.

கேள்வியிலேயே பதிலை வைத்திருக்கிறீர்கள். பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று யோசிக்கலாம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்து. பெட்டூனியாவுக்கு இந்த விஷயத்தில் பலவீனம் அதிகம். கலவையின் பி.எச்., அதாவது அமில காரத் தன்மையின் அளவு, 5.5 முதல் 6 வரை இருந்தால்தான் அதன் வேர் இரும்பைச் சரியாக எடுக்கும். உங்கள் ஊர் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட விடக் கலவையின் பி.எச். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். இரும்பு கலவைக்குள்ளேயே இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இன்னும் உரம் போட்டால் உப்புதான் சேரும். எங்கள் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் விடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இப்போதைக்கு இரும்பு கீலேட் உரம் (வேர் எடுக்கும் வடிவிலேயே இரும்பைக் கட்டிவைத்தது) வாங்கி வேரில் ஊற்றுங்கள். கீலேட்டில் இரண்டு வகை அதிகம் விற்கிறது. ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருப்பது பி.எச். 6.5-க்கு மேல் போனால் பலன் தராது. ஈ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், விலை கூட என்றாலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். ஊற்றிய பிறகு இலைமேல் பட்டதைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் கறை விழும். ஏற்கெனவே மஞ்சளான இலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு வாரத்தில் புதிதாக வரும் துளிர் பச்சையாக வந்தால் சரி.

நிரந்தர வழி மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு மூடிய தொட்டியில் பிடித்து வைத்துத் தொங்குதொட்டிகளுக்கு மட்டும் விடுங்கள். தோட்டம் முழுக்க விட முடியாது, பத்துத் தொட்டிக்குப் போதும்.

கோத்தகிரி: பாலிஹவுஸில் ஃபுக்சியாவும் ஐவி ஜெரேனியமும் தொங்குகின்றன. ஆடி மாதம் பூவெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து அழுகிவிடுகிறது. வெளியே மூடுபனியாக இருப்பதால் திரைகளை மூடியே வைத்திருக்கிறேன். மருந்து அடித்தும் நிற்கவில்லை.

எனக்கும் முதல் மூன்று வருடம் இப்படித்தான் போனது. ஜிமிக்கி மாதிரித் தொங்கும் பூக்கள் ஒவ்வொன்றாக அழுகி விழுவதைப் பார்க்க மனசு தாங்காது. இது பாட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சை. 15 முதல் 20 டிகிரி குளிரும், இலைமேல் பல மணி நேரம் காயாத ஈரமும் சேர்ந்தால் போதும், உதிர்ந்த இதழில் முளைத்துப் பக்கத்துப் பூவுக்கு ஏறிவிடும்.

திரையை மூடி வைப்பதுதான் இங்கே சிக்கல். வெளியே மூடுபனி, திறந்தால் ஈரம் உள்ளே வரும் என்றுதான் நானும் நினைத்தேன். நடப்பது வேறு. குளிர்ந்த காற்று, மூடுபனியாக இருந்தாலும், மொத்தத்தில் கொஞ்சம் நீராவியைத்தான் சுமக்கும். அது உள்ளே வந்து நான்கைந்து டிகிரி சூடானதும் உலர்ந்த காற்றாகிவிடும், இலைமேல் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடிய குடிலிலோ செடி விட்ட நீராவி முழுக்க உள்ளேயே நின்று, இரவில் பாலித்தீன் குளிர்ந்ததும் அதன் அடிப்பக்கம் துளியாகக் கோத்துக்கொள்ளும். அந்தத் துளி நேராகத் தொட்டிமேல்தான் விழும். தரையில் இருக்கும் செடியைவிடத் தொங்கும் செடி அதிகம் அழுகுவதற்கு இதுவே காரணம்.

காலையில் வெளிச்சம் வந்ததும் பக்கத் திரையையும் மேல் ஜன்னலையும் ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். மாலையில் மூடுவதற்கு முன்னும் ஒரு தடவை காற்றை மாற்றிவிடுங்கள். தண்ணீர் காலை 10 மணிக்குள் முடிந்துவிட வேண்டும், பூமேல் படாமல் கலவையில் மட்டும். தொட்டியின் மேல் தளிருக்கும் பாலித்தீனுக்கும் நடுவே ஒன்றரை அடியாவது விடுங்கள். வாடிய பூவைத் தினமும் பறித்து வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். தரையில் உதிர்த்துப் போடுவது நோயை நாமே விதைப்பது மாதிரி. இதையெல்லாம் செய்தபின் மருந்தின் தேவை எனக்கு மிகவும் குறைந்துவிட்டது.

திருச்சி: 75 சதவீத நிழல்வலை போட்டிருக்கிறேன். டேபிள் ரோஸ் பூக்கவே மாட்டேன் என்கிறது.

பூக்காது. அதற்கு நேரடி வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். வலைக்கு வெளியே கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். 75 சதவீத நிழலுக்கு பாஸ்டன் ஃபெர்ன், மணி பிளான்ட், சிங்கோனியம், ஹோயா, பெப்பரோமியா எல்லாம் அழகாக வரும். பூதான் வேண்டும் என்றால் வலையை 50 சதவீதத்துக்கு மாற்ற வேண்டும்.

மதுரை: தொட்டியின் ஓரத்தில் கொடி நீளமாகத் தொங்குகிறது, நடுவில் வழுக்கை விழுந்த மாதிரி இருக்கிறது. ஏன் அக்கா?

கிள்ள மனசு வராததால்தான். 10 அங்குலத் தொட்டிக்கு மூன்று கன்று நடுங்கள். நட்டு வேர் பிடித்ததும் நான்கைந்து கணு விட்டு நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வந்து அதுவும் நான்கு கணு வளர்ந்ததும் இன்னொரு தடவை. பூ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும், ஆனால் தொட்டி நிறைந்துவிடும். இப்போது இருப்பதைப் பாதி நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய குச்சிகளை அதே தொட்டியின் நடுவில் செருகிவிடலாம், மணி பிளான்டும் டர்ட்டில் வைனும் பத்து நாளில் பிடித்துக்கொள்ளும். வெட்டியவுடன் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு முறை. தண்ணீர் அடிக்கடி விடுவதால் சத்தும் கூடவே வடிந்துபோகிறது, அதனால் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதுதான் தொங்குதொட்டிக்குச் சரி. பஞ்சகவ்யம் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து, வடிகட்டி, 15 நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம்.

ஓசூர்: பாலிஹவுஸில் ஜெர்பரா போட்டிருக்கிறேன். மேலே இடம் சும்மா கிடக்கிறது. 300 தொங்குதொட்டி மாட்டினால் கூடுதல் வருமானம் வருமே?

வரும், ஆனால் கீழே இருக்கும் ஜெர்பராவிடமிருந்து வெளிச்சத்தைப் பிடுங்கித்தான் வரும். ஒவ்வொரு தொட்டியும் ஒரு குடை. 300 குடை பிடித்தால் கீழே பூ குறையும், தண்டு மெலியும். மேலே வடியும் தண்ணீர் ஜெர்பராவின் குருத்தில் விழுந்தால் குருத்தழுகலும் வரும். நடைபாதைக்கு நேர் மேலே மட்டும் ஒரு வரிசை போடுங்கள், வடக்கு தெற்காக ஓடும் வரிசை என்றால் நிழல் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் ஒன்று, அழுத்தம் சமன் செய்யும் வகையாகப் பார்த்து வாங்கினால் முதல் தொட்டிக்கும் கடைசித் தொட்டிக்கும் ஒரே அளவு போகும்.

மாட்டுவதற்கு முன் குடில் கட்டிக் கொடுத்தவரிடம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாலித்தீனைத் தாங்குவதற்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய குடில்கள் நிறைய இருக்கின்றன. நனைந்த தொட்டியின் எடையை வைத்துக் கேட்க வேண்டும்.

சேலம்: இலைக்கு அடியில் தூசி மாதிரி, சன்னமான வலை. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

சிவப்புச் சிலந்திப்பேன். சூடும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும், அதனால் மேலே தொங்கும் செடியில்தான் முதலில் வரும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், விழும் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். மூன்று நாள் தொடர்ந்து காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். ஃபெர்னுக்கு மட்டும் எண்ணெய் ஆகாது, கருகிவிடும். நனையும் கந்தகம் அடிப்பதாக இருந்தால் எண்ணெய் அடித்து இரண்டு வாரம் போகட்டும், உச்சி வெயில் நாளிலும் வேண்டாம்.

டொராண்டோ: அக்கா, பின்வளவில் சின்னக் கண்ணாடிக் குடில் இருக்கிறது. ஃபுக்சியா தொட்டியை எப்போது வெளியே எடுக்கலாம்? குளிர்காலத்தில் காப்பாற்ற முடியுமா?

உங்கள் ஊரில் விக்டோரியா தின விடுமுறை வரை, அதாவது மே மூன்றாவது நான்காவது வாரம் வரை, பொறுத்திருங்கள். அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், பகலில் நிழலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கள். முதல் நாளே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும். உறைபனிக்கு முன், செப்டம்பர் கடைசியில், உள்ளே எடுத்துப் பாதிக்கு வெட்டிவிட்டு, 5 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில் வையுங்கள். இலை எல்லாம் கொட்டும், பயப்படாதீர்கள். கலவை தூளாகக் காய்ந்துவிடாமல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர். மார்ச்சில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் கட்டையிலிருந்து துளிர்க்கும்.

கடலூர்: புயல் வந்தால் என்ன செய்வது மேடம்? போன தடவை தொட்டிகள் ஒன்றோடொன்று மோதி எல்லாம் போய்விட்டன.

எச்சரிக்கை வந்ததும் முதலில் தொட்டிகளை இறக்குங்கள், அடுத்து வலையை அவிழ்த்துச் சுருட்டுங்கள். வலை காற்றைப் பிடித்தால் சட்டத்தையே தூக்கிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வலையை அவிழ்க்காமல் விட்ட என் தோழியின் மாடிக் குடில் அடுத்த தெருவில் கிடந்தது. இறக்கிய தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கமாக, தரையில் அடுக்குங்கள். தட்டு வைத்த தொட்டி என்றால் தட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். கொக்கிகளையும் அன்றைக்கே துடைத்து எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். கடலோரக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும், மறுபடி மாட்டும்போது தேய்ந்த கொக்கியைக் கட்டாயம் மாற்றுங்கள்.