ஸகாத்தும் தானமும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இஸ்லாத்தை அறிந்துகொள்ள விரும்பிச் சில அறிமுக நூல்களைப் படித்தேன். எல்லாமே கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழி, தொழுகை, ஸகாத், நோன்பு, ஹஜ் என்னும் ஐந்து கடமைகளில் தொடங்கி, வேளைகளையும் விழுக்காடுகளையும் அடுக்குகின்றன. இந்தக் கணக்குகளுக்குள் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பது எனக்குப் புலப்படவில்லை. ஸகாத் என்பது எல்லாச் சமயங்களும் சொல்லும் தானம்தானே? அதற்கு எதற்கு ஓர் அளவு?

தங்கள் வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நம்பிக்கையை விட்டுவிட்டுச் செயலில் தொடங்கும் நூல்களைப் படித்தால் இந்த ஐயம் எழத்தான் செய்யும். புகழ்பெற்ற நபிமொழி ஒன்றில், வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து நபிகள் நாயகத்திடம் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறார். முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன ஐந்து கடமைகளும், இரண்டாவதற்கு அல்லாஹ், வானவர்கள், வேதங்கள், இறைத்தூதர்கள், மறுமை நாள், விதி ஆகிய ஆறின் மீதான நம்பிக்கையும் விடையாகின்றன. மூன்றாவதற்கு வரும் விடை, இறைவனை நேரில் காண்பதுபோல் வணங்க வேண்டும், நாம் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்பது. அறிமுக நூல்கள் பலவும் முதல் விடையோடு நின்றுவிடுகின்றன.

இந்த நம்பிக்கைகளுக்கெல்லாம் அடிப்படை ஓரிறைக் கொள்கையாகிய தவ்ஹீத். அல்லாஹ்வுக்கு இணையில்லை, அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா என நீளும் தூதர் வரிசையின் இறுதியானவராகிய முஹம்மது நபியும் மனிதரே, வணக்கத்துக்குரியவர் அல்லர். படைத்தவன் ஒருவனே என்றால் மனிதனின் நேரமும் உடலும் செல்வமும் அவனுடையவையே. மனிதன் அவற்றுக்குப் பொறுப்பாளன் மட்டுமே. உங்களை உறுத்தும் கணக்குகள் அனைத்தும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. விருப்பப்படி கொடுப்பதற்கு அளவு தேவையில்லை. செலுத்தியே ஆக வேண்டியதற்கு அளவு சொல்லாமல் முடியாது.

தொழுகையில் அந்த அளவு நேரமாகிறது. வைகறை, நண்பகல், மாலை, அந்தி, இரவு என ஐந்து வேளைகளில் முறையே 2, 4, 4, 3, 4 என நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள் (நிற்றல், குனிதல், சிரம் பணிதல் அடங்கிய தொழுகைச் சுற்றுகள்) கடமை. திசை மக்காவிலுள்ள கஅபா என்னும் இறையில்லத்தை நோக்கியது. முன்னின்று தொழுவிக்கும் இமாம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் நிற்கும் பூசகர் அல்லர். தனியே தொழுபவரின் தொழுகையும் நிறைவானதே.

ஸகாத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மனமுவந்து எவ்வளவும் கொடுக்கக்கூடிய தருமத்துக்கு ஸதகா என்று பெயர், ஸகாத் அதுவல்ல. சுமார் 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளி என்னும் வரம்பை எட்டிய செல்வம், ஒரு சந்திர ஆண்டு முழுவதும் ஒருவரிடம் இருந்தால், அதில் 2.5 விழுக்காடு ஸகாத்தாகக் கடமையாகிறது. குடியிருக்கும் வீடும் உடுத்தும் உடையும் தொழில் செய்யும் கருவியும் கணக்கில் வாரா. விளைச்சலுக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. அறுவடையன்றே கொடுத்துவிட வேண்டும். மழையால் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு, உழைத்து நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. உழைப்பு கூடினால் கடமை குறைகிறது என்னும் இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெண்கள் அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் (சட்ட மரபுகள்) வேறுபடுகின்றன; முன்னது உண்டு என்கிறது, பின்னது இல்லை என்கிறது.

பெறுவோரையும் குர்ஆனே வரையறுக்கிறது. ஏழைகள், வறியவர்கள், கடன்பட்டோர், வழிப்போக்கர் உள்ளிட்ட எட்டு வகையினரை ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஸகாத் கொடுக்கலாகாது. அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே தனிக் கடமை. கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் செல்வத்தில் 'அறியப்பட்ட உரிமை' உண்டு என்று குர்ஆன் இன்னோரிடத்தில் கூறுகிறது. உரிமை என்பதால் கொடுப்பவர் பெருமை கொள்ளவோ, பெறுபவர் கூனிக் குறுகவோ இடமில்லை. தானத்திலிருந்து ஸகாத் விலகும் இடம் இதுவே.

கடமைக்கு அளவு உண்டு என்பதனால் விலக்கும் உண்டு. ரமலான் நோன்பு வைகறை முதல் கதிரவன் மறையும் வரை. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு என்பதால், ரமலான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. நீண்ட கோடைப் பகலின் சுமை எப்போதும் ஒரே நாட்டவர் மீது விழுவதில்லை. ஹஜ், உடல் வலிமையும் பொருள் வசதியும் உடையவருக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கடமை.

மேலும் படிக்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று: ஆறு நம்பிக்கைகள் என்னும் பட்டியல் சன்னி மரபினுடையது. ஷியா மரபினரில் பெரும்பான்மையினர் ஓரிறைமை, இறைநீதி, தூதுத்துவம், இமாமத் (நபிக்குப் பிந்தைய சமூகத் தலைமை), மறுமை என ஐந்தாக வகுக்கின்றனர்.