கியர் மாற்றும்போது வண்டி தூக்கிப் போடுகிறதா?

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார், மேனுவல் கியர், 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஒன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது வண்டி ஓர் உலுக்கு உலுக்குகிறது. மூன்றாவதிலும் லேசாக இருக்கிறது, நான்கு, ஐந்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் உட்காரும் அம்மா 'இதுக்கு மாட்டு வண்டியே தேவலை' என்கிறார். பட்டறையில் காட்டினேன், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளட்ச் செட் மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓட்டிப் பார்க்காமல் கிளட்ச் என்று சொன்னவரிடம் கியர் பாக்ஸை இறக்கக் கொடுக்காதீர்கள்.

நான்கு, ஐந்தில் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒன்றாவது கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் பதினான்கு சுற்று வரை சுற்றுகிறது, ஐந்தாவதில் மூன்று, நான்குதான். அதனால் இன்ஜினில் வரும் சின்னத் தடுமாற்றம்கூடச் சின்ன கியரில் பெரிய உலுக்கலாகத் தெரியும். இப்படி உலுக்கும் கோளாறு எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ஒன்றும் இரண்டும்தான்.

முதல் வேலை, நன்றாக ஓட்டத் தெரிந்த வேறொருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், என்னிடம் வரும் இந்தப் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் ஓட்டுபவரின் கால்தான். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,600 சுற்று சுற்றுகிறது என்றால், அதே வேகத்துக்கு இரண்டாவதில் 1,400 போதும். இன்ஜின் அந்த அளவுக்கு இறங்குவதற்குள் கிளட்சைப் பட்டென்று விட்டால் வண்டி முன்னால் பாயும், உங்கள் தலை சீட்டில் போய் இடிக்கும். ரொம்ப நேரம் மிதித்தே வைத்திருந்து இன்ஜின் ஐடிலிங்குக்கு இறங்கிய பிறகு விட்டால் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும், தலை முன்னால் போகும். தலை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அவர் ஓட்டும்போது உலுக்கல் இல்லையென்றால் 14,000 ரூபாய் மிச்சம்.

அவர் ஓட்டினாலும் உலுக்குகிறதா? சரி, அடுத்து நான் சந்தேகப்படுவது இன்ஜின் மவுண்டிங். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் இது. எட்டு வருட வெயிலிலும் சூட்டிலும் வெடித்துப்போகும். அப்புறம் ஒவ்வொரு கியருக்கும் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும், சில வண்டிகளில் 'டக்' என்று சத்தமும் கேட்கும். வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். பானெட்டைத் திறந்துவையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு கால் பிரேக்கையும் அழுத்தி மிதித்துக்கொண்டு, ஒன்றாவது கியரில் ஒரு நொடி ஹாஃப் கிளட்ச் கொடுத்து மறுபடி மிதித்துவிடுங்கள், பிறகு ரிவர்ஸிலும் அதேபோல. இன்ஜினைப் பார்ப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ கூடாது. லேசான அசைவு சகஜம், எழுந்து உட்கார்வது போலத் தெரிந்தால் மவுண்டிங் போய்விட்டது. வண்டிக்கு அடியில் எலும்புத் துண்டு மாதிரி இருக்கும் மவுண்டிங்கையும் ஜாக்கியில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே இருப்பவை நன்றாக இருந்து இது மட்டும் போயிருப்பது உண்டு. என் பழைய காரில் கிளட்ச் செட் முழுவதும் மாற்றி, அதே உலுக்கலோடு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். கடைசியில் இந்த ரப்பர்தான்.

இன்னொரு சோதனை. காலி ரோட்டில் மூன்றாவது கியரில் 40-ல், கிளட்சையே தொடாமல் ஒரே சீராக ஓட்டுங்கள். அப்போதும் திக்கித் திக்கிப் போனால் கோளாறு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், திராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் பாகம்) படிந்த கரி, பெட்ரோல் சரியாக வராதது, இந்த வகையில் ஏதாவது ஒன்று. ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டால் பி 0300 என்றோ 0301, 0302 என்றோ வரலாம், மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், கடைசி எண் 0 இல்லையென்றால் அது எந்த சிலிண்டர் என்று சொல்லும். பிளக்கும் திராட்டில் பாடி கிளீனிங்கும் கிளட்சோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

அப்படியானால் கிளட்ச் கோளாறு எப்படித் தெரியும்? நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதே வண்டி தடதடவென்று நடுங்கும், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் மோசமாக இருக்கும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. இந்த அறிகுறிகள் இருந்தால் மாற்றுங்கள், ஆனால் பிளேட்டோடு நிறுத்தாதீர்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றி, இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா, ஃப்ளைவீலில் (கிளட்ச் பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரம்) சூட்டில் வந்த நீலத் திட்டுகள் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கசிவை விட்டுவிட்டால் புதுப் பிளேட்டிலும் ஆயில் படும், மறுபடி நடுக்கம், மறுபடி கியர் பாக்ஸ் இறக்கும் கூலி.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி கார். கியர் மாறும்போதெல்லாம் தலையாட்டுகிறது. இது கோளாறா?
- வாசகி, கோவை

பதில்: வாங்கிய நாளிலிருந்தே என்றால் கோளாறு இல்லை, அந்த வண்டியின் சுபாவம். ஏஎம்டியில் இருப்பதும் மேனுவலில் இருக்கும் அதே கிளட்ச்தான், உங்கள் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. அது மிதித்து விடும் இடைவெளியில் இழுவை நின்று திரும்ப வருவதால்தான் அந்த ஆட்டம். கியர் மாறப்போகும் நேரம் பழகியதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்துங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். சமீபத்தில்தான் அதிகமானது என்றால், கிளட்ச் ரீ-லேர்னிங் செய்யச் சொல்லுங்கள், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவது அது, ஸ்கேனர் வைத்துச் செய்கிற வேலை, எதையும் கழற்ற வேண்டியதில்லை. அப்புறம், மேம்பாலத்தில் டிராஃபிக் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டராலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், பிளேட் எரிவது அங்கேதான்.