சலவை ரசீதின் பின்பக்கம்

கேள்வி: சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். முடித்துவிட்டு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குக் கோச்சிங் போகிறேன். ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் சட்டமும் நடத்தும் பேராசிரியராக ஆசை. வக்கீலான என் சித்தப்பாவோ, “1872-இல் போட்ட சட்டத்தில் ஆராய என்ன மிச்சம் இருக்கு? கேஸ் கிடைக்காதவன்தான் வாத்தியாராப் போவான்” என்கிறார். உங்கள் கருத்து?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வக்கீலாகப் பதிந்தவர் தினம் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் நடத்தலாம் என்று 1979-இலிருந்தே விதி இருக்கிறது. சித்தப்பாவும் வந்து ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) சம்பள விகிதப்படி உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. பல தனியார் கல்லூரிகள் கையில் தருவதை இங்கே எழுதினால் சித்தப்பா ஜெயித்துவிடுவார். விடுங்கள்.

சரி, 1872-இன் ஒப்பந்தச் சட்டம். பேரம் பேசத் தெரிந்த இரண்டு பேரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. இன்று யார் பேரம் பேசுகிறார்கள்? பில்டர் ஒப்பந்தத்தைக் கத்தையாக நீட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறோம். செல்போன் ஆப் கேட்கிறது, ‘சம்மதம்’ என்று தட்டுகிறோம்.

1960-களில் மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு ஒரு புடவை வழக்கு வந்தது. லாண்டரியில் போட்ட புதுப் புடவை தொலைந்துபோனது. தொலைந்தால் விலையில் ஒரு பகுதிதான் தருவோம் என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள். பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்றது கோர்ட். பின்னே, குறைந்த விலையில் புதுப்புடவை கிடைக்குமென்றால் எந்த லாண்டரியில்தான் துணி தொலையாது?

இப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி 1984-இலும் 2006-இலும், சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்கும் சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது. ஒப்பந்தச் சட்டம் அசையவில்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்தான் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ நுழைந்தது. அதிலும் ஒரு கூத்து: அந்தப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒரு புடவைக்காக யார் பஸ் ஏறுவார்கள்?

நம் கல்லூரிகளிலோ ஒப்பந்தச் சட்டம் தனித் தாள். நுகர்வோர் சட்டம், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் ‘டார்ட்ஸ்’ சட்டம்) தாளின் வாலில் கட்டிய ஓலைவெடி. செமஸ்டர் கடைசியில் அவசரமாக வெடித்துத் தீர்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு. உங்கள் இடம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ‘நுகர்வோர் பாதுகாப்பு: ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்து, நாலு புத்தகத்தைப் பார்த்து ஐந்தாவதை எழுதுவதாக இருந்தால் சித்தப்பா சொல்வதே சரி. நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆறு மாதம் போய் உட்காருங்கள். என்ன புகார் வருகிறது, எது வாசலோடு திரும்புகிறது என்று எழுதிவையுங்கள்.

அப்புறம், அந்தக் கோச்சிங் ரசீது. ‘கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று போட்டிருக்கிறதா? கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் சென்டர்கள் வரும் என்று 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பணம் கட்டும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?