ரிசப்ஷன் கச்சேரிக்கு எத்தனை வாட் வேண்டும்?

கேள்வி: தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை 6.30 முதல் 9.30 வரை வடபழனியில் ஏசி மண்டபத்தில் ரிசப்ஷன். ஹால் 80 அடி நீளம், 50 அடி அகலம். 350 நாற்காலி போடுவார்களாம். அப்பா லைட் மியூசிக் வேண்டும் என்கிறார், தங்கை டிஜே கேட்கிறாள். சவுண்ட் சர்வீஸ்காரர் "10,000 வாட் போட்டுடலாம் சார்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: வாட் கணக்கை முதலில் தள்ளி வைப்போம். 10,000 என்பது பெரும்பாலும் உச்ச அளவைக் கூட்டிச் சொல்வது. ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் வாட் அதைவிட வெகு குறைவு. உங்கள் ஹாலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர் பாக்ஸில் வெறும் 10 வாட் ஓடினாலே, 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் காதில் 89 டெசிபல் விழும். அந்தச் சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கத்தித்தான் பேசணும். ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் வருஷக்கணக்கில் பார்க்காத சொந்தங்களோடு பேச வருகிறார்கள். நாற்காலி வரிசையில் 70 முதல் 75 டெசிபல் இருந்தால் பாட்டும் கேட்கும், பேச்சும் கேட்கும். மிச்ச வாட் எல்லாம் டிரம்ஸ், டோலக் அடி உடையாமல் வருவதற்கான கையிருப்பு. பாக்ஸுக்கு 500 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் தாராளம்.

நம் மண்டபங்களில் கெட்டுப்போவது பாக்ஸ் வைக்கும் இடத்தில்தான். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய பாக்ஸை அடுக்கி, கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று ஏற்றுவார்கள். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு வந்தவர்கள். கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, வெறும் சுவர் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்க, பின்னால் இருப்பவருக்குச் சத்தம் மட்டும் போகும், பாட்டு வரிகள் போகாது. மேலும் ஏற்றினால் இரைச்சல்தான் கூடும்.

ஆகவே சத்தத்தைப் பங்கு போடச் சொல்லுங்கள். முன்னால் 12 இன்ச் பாக்ஸ் 2, 7 அடி உயர ஸ்டாண்டில், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே போகும்படி. முதல் நாற்காலிக்கும் பாக்ஸுக்கும் 10 அடி இடைவெளி. முன் பாக்ஸிலிருந்து 40 அடி தள்ளி, பக்கச் சுவரோரம் இன்னொரு ஜோடி, பின்பக்கம் பார்த்து. இந்தப் பின் ஜோடிக்கு டிலே, அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்து விடுவது, கட்டாயம். ஒலி 40 அடி கடக்க ஏறத்தாழ 35 மில்லிசெகண்ட் ஆகும். டிலே இல்லாவிட்டால் பின் பாக்ஸின் குரல் முந்தி வந்து, மேடைக் குரல் பிந்தி வந்து, ஒரே சொல்லை இரண்டு பேர் சொல்வதுபோல் குழறும். 35-க்கு மேல் இன்னும் 10 சேர்த்து 45 வைத்தால் பாட்டு மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். பெரும்பாலான டிஜிட்டல் மிக்சர்களில் இந்த வசதி உண்டு. "டிலே எவ்வளவு வைப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்; ஆபரேட்டர் எப்படிப்பட்டவர் என்பது அந்தப் பதிலிலேயே தெரியும்.

பேஸுக்கு 18 இன்ச் பாக்ஸ் ஒன்று போதும். முழு ஆர்கெஸ்ட்ரா என்றால் இரண்டு. பந்தி நடக்கும் டைனிங் ஹாலுக்கு எதுவும் வேண்டாம்.

இனி எந்தக் கச்சேரி என்பது. லைட் மியூசிக் என்றால் பாடகர்கள் 2, தொகுப்பாளர் 1, கீபோர்டு 2, கிட்டார் 1, பேஸ் கிட்டார் 1, தபலா 2, டோலக் 1, ரிதம் பேட் 2, புல்லாங்குழல் 1, டிரம்ஸுக்கு 4 என்று மிக்சரில் 17 சேனல் (ஒவ்வொரு மைக்கும் வாத்தியமும் நுழையும் தனி வழி) ஆகிவிடும். 16 சேனல் மிக்சரோடு வந்தால் மேடையில் வந்து எதையாவது கழற்றுவார்கள், 24 கேளுங்கள். வயலின், கீபோர்டு, தபலா மட்டும் என்றால் 12 சேனலே அதிகம். கூட்டம் மேடைக்கு வரிசையில் நிற்கும் 3 மணி நேர ரிசப்ஷனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். 6.30 முதல் 7.30 வரை வாத்தியம் மட்டும், பிறகு இரண்டு பாடகர்கள் சேரட்டும். அப்பாவுக்கும் குறை இருக்காது. டிஜே கடைசி அரை மணி, போட்டோ வரிசை கரைந்த பிறகு. அதற்கு முன்னால் வைத்தால் ஆட ஆளும் வராது, பேசவும் முடியாது. குழுவிடம் பாட்டுப் பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று பிரிவுப் பாட்டைப் பாடிவிடுவார்கள். வேண்டாதவற்றை நீங்களே அடித்துக் கொடுங்கள்.

மைக் 'கீ' என்று கத்துவதற்குப் பாதி நேரம் பிடிக்கும் விதமே காரணம். வாழ்த்திப் பேச வருபவர் வலைத் தலையையே கையால் மூடிப் பிடிப்பார். மேடையில் கையில் பிடிக்கும் மைக் பின்பக்க ஒலியை ஒதுக்குவதற்கென்றே தலைக்குள் காற்று வழி வைத்திருக்கும். அதை அடைத்ததும் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து, பாக்ஸ் ஒலியையே திரும்ப உள்ளே இழுக்கும். தண்டில் பிடித்து, வாயிலிருந்து 2 விரல் தள்ளி. மைக்கோடு பாக்ஸுக்கு முன்னால் இறங்கி நடக்கவும் கூடாது. கார்ட்லெஸுக்கு அன்று போட்ட புது பேட்டரி, அதன் ரிசீவர், எல்இடி திரைக்குப் பின்னால் ஒளியாமல் கண்ணில் படும் இடத்தில், அதோடு மாற்றுக்கு ஒரு வயர் மைக்.

'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் கரண்டைப் பாருங்கள். மிக்சர், பாக்ஸ், கீபோர்டு எல்லாம் ஒரே ஃபேஸில். மேடை விளக்கும் சீரியல் பல்பும் வேறு ஃபேஸில். கீபோர்டை டிஐ பாக்ஸ் (வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் சின்ன இணைப்புப் பெட்டி) வழியாகக் கொடுத்து, சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினால் பெரும்பாலும் உறுமல் போய்விடும். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிச் சரிசெய்வார்கள் சிலர். அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள், மைக் பிடித்தவருக்கு ஷாக் அடிக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும் சில நொடிகளில் டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடி எழ நேரம் எடுக்கும். அதற்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள்.

சட்டம்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் நடப்பதற்கு விலக்கு உண்டு. ஈசிஆர் பக்கத்துத் திறந்தவெளி லான் என்றால் 10 மணிக்கு நிறுத்தியே ஆக வேண்டும். பாட்டுக்கு ராயல்டி கட்டு என்று யாராவது கேட்டால், பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவு திருமணத்தையொட்டிய விழாக்களுக்கு விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசே இதை அறிவிப்பாக வெளியிட்டது.

கொட்டேஷனில் பாக்ஸின் மாடல், எண்ணிக்கை, மிக்சர் சேனல், மேடையில் குழுவினர் தங்களைக் கேட்டுக்கொள்ளும் மானிட்டர் பாக்ஸ் 4, வீடியோக்காரருக்கு ஒரு லைன், எல்லாம் எழுதி வாங்குங்கள். டெக்கரேஷன் முடிந்தால்தான் வயர் இழுக்க முடியும் என்பதால் இரண்டு பேரிடமும் நேரத்தைப் பேசி, 5 மணிக்கு சவுண்ட் செக். ஏசியைப் போட்டுவிட்டுத் தபலாவுக்குச் சுருதி சேர்க்கட்டும். குளிர்ந்து காய்ந்ததும் தோல் இறுகிச் சுருதி ஏறும். காலி ஹாலில் ட்ரெபிள் கூர்மையாகத்தான் கேட்கும். ரொம்பக் குறைத்துவிட வேண்டாம், கூட்டம் நிறைந்ததும் அது தானாக அடங்கும். அதனால் 7.30-க்கு ஒருமுறை ஆபரேட்டர் கடைசி வரிசைவரை நடந்து கேட்டுத் திருத்த வேண்டும். மற்ற நேரம் மிக்சரை விட்டு அவர் நகரக் கூடாது; சாப்பாட்டை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.