பரணில் கிடந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: அப்பா 1970களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர் பரணில் கிடந்தது. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, ஸ்பூல் சுற்றவில்லை. கூடவே சில டேப்கள் இருக்கின்றன. ஒன்றில் பாட்டியின் பேச்சு இருக்கிறது என்கிறார் அம்மா. நானே பழுது பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். ஆனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டாரை அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். அதை மறுபடி சுற்றுவது பெரிய வேலை.

அடுத்தது, பாட்டியின் டேப்பை மெஷின் பக்கமே கொண்டுவராதீர்கள். கேசட்டில் அழியாமல் இருக்க உடைத்துவிடும் பிளாஸ்டிக் தடுப்பு உண்டு. ஸ்பூல் டேப்பில் அப்படி எதுவும் கிடையாது. பல வருடம் சும்மா கிடந்த மெஷினில் ரெக்கார்ட் ஸ்விட்ச் சரியாக விலகாமல் போனால், கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அழித்துவிடுவோம். எல்லாச் சோதனையும் வேண்டாத டேப்பில்தான்.

பின்பக்கம் வோல்டேஜ் தேர்வு 220 அல்லது 240-இல் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஓடிய மெஷின் என்றால் கரன்டின் அதிர்வெண் அங்கும் இங்கேபோல 50 ஹெர்ட்ஸ்தான், பிரச்சினை இருக்காது. அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால், ஏசி மோட்டார் 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடுவது. இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து குரலெல்லாம் கட்டைக் குரலாகிவிடும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

மறுபடி கரன்ட் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு போட்டு அதன் வழியாகக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு மினுக்கென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். கரன்ட் வரும் இடத்தில் உள்ள பழைய காகிதக் கெபாசிட்டர் வெடித்துப் புகைவதும் சகஜம். அந்த இடத்தில் மெயின் கரன்டுக்கென்றே பாதுகாப்பாகச் செய்த எக்ஸ்2 வகைதான் போட வேண்டும், சாதாரண கெபாசிட்டர் கூடாது.

இனி உங்கள் கோளாறு. இந்த வயது மெஷின்களில் பாதிக்கு மேல் தொல்லை ரப்பராலும் கிரீஸாலும்தான் வரும், சர்க்யூட்டால் அல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றி, மோட்டார் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங்கில் எண்ணெய் பிசினாகி உறைந்திருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பழசைக் கரைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பிசினில் பாதி அதனால் வந்ததாகவே இருக்கும். தண்டு லேசாகச் சுற்றியும் கரன்டில் உறுமினால் மோட்டார் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகத் தார் போல ஒன்று ஒட்டிக்கிடந்தால், பதறாதீர்கள், அதுதான் பெல்ட். வெறும் விரலால் தொட்டால் சட்டை, சுவர் எல்லாம் கறுப்பாகும், கையுறை போடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி, மிச்சத்தை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். புது பெல்ட்டுக்கு அளவு எடுக்க, அது ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து அதில் 5 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாகப் போட்டால் பேரிங் தேயும். மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வழுவழுவென்று மின்னினால், அழுத்தாமல் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து அந்த மினுமினுப்பை எடுங்கள்.

டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுத்து ஓட்டும் தண்டான கேப்ஸ்டனையும் பட்ஸில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்; பட்ஸில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை. சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், அது வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் அரக்கு வைத்து அடைத்த சின்ன ஸ்குரூ தெரியும். அதைத் திருகத் தோன்றும், திருகாதீர்கள். ஹெட்டின் சாய்வு அதில்தான் இருக்கிறது.

ரெக்கார்ட்-பிளே ஸ்விட்ச் நீளமான பட்டைபோல் இருக்கும். அதில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கரகரப்பும் ஊளையும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

சர்க்யூட் விஷயத்தில் “கெபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடு” என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உப்பியது, கசிந்தது, பவர் சப்ளையில் இருப்பது, இவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துவிட்டு மாற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது; வோல்டேஜ் அளவு பழசுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும். உள்ளே டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் தெரிந்தால் மூடியை மூடிவிட்டு, பழைய ரேடியோ மெக்கானிக்கைத் தேடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 200 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தேங்கி நிற்கும்.

வேண்டாத டேப் சீராக ஓடி, அதிலிருந்த சத்தம் அழியவும் இல்லை என்றால் பாட்டியின் டேப்புக்கு வரலாம். ஸ்பூலை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். சுற்றிய டேப் வழியாக வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் டேப். அது படக்கென்று முறியும், வேகமாகச் சுற்றக் கூடாது. வினிகர் வாடை அடித்தால் சிதைய ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். டேப்பை அடுப்பில் சூடாக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது சில வகை ஸ்டுடியோ டேப்களுக்கான வைத்தியம். அசிடேட்டுக்குச் செய்தால் பதிவே போய்விடும்.

முதல் தடவை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில். வேகம் வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் என்றால் 1200 அடி டேப் ஒரு பக்கம் சுமார் 64 நிமிடம் ஓடும். ஒரு ஸ்பீக்கரில் பாட்டியும் இன்னொன்றில் யாரோ பின்னோக்கிப் பேசுவதும் கேட்டால் மெஷின் கெட்டுப்போகவில்லை. அது மோனோவில் இரண்டு பக்கமும் பதிந்த டேப். உங்களுடையது டேப்பின் அகலத்தை நான்கு பாதைகளாகப் பிரித்துப் படிக்கும் நான்கு டிராக் ஸ்டீரியோ மெஷின். மறுபக்கத்தையும் சேர்த்தே படித்துக்கொண்டிருக்கிறது. இடது சானலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பூலைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தைப் பதியுங்கள்.