சனிக்கிழமை டிக்கெட்டும் 150 டாலரும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் எம்.எஸ். படிக்கிறான். மாணவர் விசா. வளாகத்திலேயே ஃபுட்பால் அணியின் வீடியோ பிரிவில் பகுதி நேர வேலை கிடைத்தது. இப்போது அணியில் இருக்கும் ஒருவர், இந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள வேறொரு பல்கலைக்கழக மைதானத்துக்குப் போகச் சொல்கிறாராம். ஆட்டத்தைப் படம் எடுக்க வேண்டாமாம். அடுத்த மாதம் இவர்களோடு மோதப்போகும் அந்த அணியின் பயிற்சியாளர்கள் கையால் காட்டும் சைகைகளை மட்டும் செல்போனில் பிடித்து வர வேண்டுமாம். டிக்கெட் அவருடையது, கையில் 150 டாலர். போன மாதம் ஒரு தடவை இப்படிப் போய் வந்துவிட்டான். அப்போது டிக்கெட்டும் பெட்ரோல் காசும் மட்டும் வாங்கியிருக்கிறான். "எல்லா டீமும் செய்யறதுதாம்ப்பா" என்கிறான். ஐம்பதாயிரம் பேர் முன்னால் காட்டும் சைகையைப் படம் எடுப்பதில் என்ன தப்பு என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் மனசு சரியில்லை. பழைய வீடியோவை அழித்துவிடச் சொல்லட்டுமா?
– வாசகர், கோவை

பதில்: அழிக்கச் சொல்லாதீர்கள். இன்று இரவே போன் செய்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். சனிக்கிழமை போக வேண்டாம். போனில் இருப்பது எதையும் தொட வேண்டாம், வீடியோவானாலும் சரி, அந்த ஆளோடு பேசிய மெசேஜானாலும் சரி. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குழப்பமே அதனால்தான். எதிரணியின் சைகையைக் கண்டுபிடிப்பது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் குற்றமே இல்லை. ஆட்டம் நடக்கும்போது எதிர்ப்பக்கத்தைக் கூர்ந்து கவனித்து, "தோளைத் தட்டினால் ஓட்டம், தொப்பியைத் தொட்டால் பாஸ்" என்று ஊகித்து நம் ஆட்களுக்குக் கத்திச் சொன்னால் அது சாமர்த்தியம். பல அணிகளில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். டிவி ஒளிபரப்பில் தற்செயலாகத் தெரியும் சைகையைக் குறித்துக்கொள்வதிலும் பிரச்சினை இல்லை.

முதலில் இந்தச் சைகை எதற்கு என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இது நம் ஊர் கால்பந்து இல்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதுபோல, இங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் நடுவே 40 நொடிக் கடிகாரம் ஓடுகிறது. அதற்குள் பயிற்சியாளர் அடுத்தது என்ன என்று முடிவு செய்து, களத்தில் நிற்கும் 11 பேருக்கும் சொல்லியாக வேண்டும். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 1994 முதலே, களத்தில் ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு. கல்லூரி ஆட்டத்துக்கு அது முறையாக வந்தது 2024 சீசனில்தான். அதுவரை எல்லாம் கைதான். மூன்று நான்கு பேர் பளிச்சென்ற தொப்பி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சைகை காட்டுவார்கள். ஒருவர் காட்டுவதுதான் நிஜம், மற்றவை போலி. சில அணிகள் மிருகப் படம், நடிகர் முகம், கார்ட்டூன் என்று அட்டைகளைத் தூக்கிப் பிடிக்கும். பின்னால் இருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு பேர் துணியை விரித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு ஆண்டு விழா ஒத்திகை மாதிரி இருக்கும்.

இதை உடைக்க இரண்டு பதிவு வேண்டும்: காட்டிய சைகை ஒன்று, அதையடுத்து களத்தில் நடந்தது ஒன்று. இரண்டாவது எளிது. அணிகள் தங்கள் ஆட்டப் பதிவுகளை முறைப்படி பரிமாறிக்கொள்கின்றன. மேலிருந்து எடுத்த அகலக் காட்சி, 22 வீரர்களும் தெரிவார்கள். ஆனால் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அதில் தெரிய மாட்டார். அந்த விட்டுப்போன பாதிக்காகத்தான் 150 டாலர். எதிர்வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்க அவர்களையே எடுத்து, நடுநடுவே ஸ்கோர்போர்டையும் காட்டிவிட்டால் போதும். வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஓர் அகராதியே தயாரித்துவிடலாம். தேர்வறையில் கேள்வியைப் பார்த்து ஊகித்து எழுதுவது ஒன்று, வினாத்தாளை முந்தின வாரமே வாங்கி வைத்துக்கொள்வது வேறு.

அதனால்தான் விதி சைகையைப் பற்றிப் பேசாமல் இடத்தையும் கருவியையும் பற்றிப் பேசுகிறது. அதே சீசனில் மோதப்போகும் அணியை, அது வேறொருவரோடு ஆடும் இடத்துக்கு ஆள் அனுப்பி நேரில் வேவு பார்க்கக் கூடாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 1994-இல் கொண்டுவந்தது இது. ஆரம்பத்தில் காரணம் நேர்மைகூட இல்லை, செலவுதான். பணக்காரப் பல்கலைக்கழகம் நாடெங்கும் ஆள் அனுப்பும், மற்றவர்களால் முடியாது என்று வைத்தார்கள். அப்புறம் எதிரணியின் சைகைகளை ஒலி, ஒளிக் கருவியால் பதிவு செய்யக் கூடாது என்று தனியாக ஒரு விதி. உங்கள் மகனிடம் கேட்டிருப்பது இரண்டையும் ஒரே மதியத்தில் மீறுகிற வேலை. ஐம்பதாயிரம் பேர் பார்க்கிறார்களே என்றீர்கள். பார்க்கட்டும், அவர்களை எந்த அணியும் சம்பளம் கொடுத்து அனுப்பவில்லை.

என்எஃப்எல்லிலும் 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் சிக்கியது இதே கணக்கில்தான். ஜெட்ஸ் அணியின் சைகைகளைப் பார்த்ததற்காக அல்ல, மைதான ஓரத்தில் கேமரா வைத்து எடுத்ததற்காகப் பயிற்சியாளர் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு 2.5 லட்சம். அடுத்த ஆண்டின் முதல் சுற்று வீரர் தேர்வு உரிமையும் போனது.

ஆனால் உங்கள் மகன் படிக்க வேண்டிய கதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினுடையது. அச்சு அசல் இதே வேலை. அங்கே கானர் ஸ்டாலியன்ஸ் என்றொரு கடைநிலை ஊழியர். கடற்படை அகாடமியில் படித்து மரைன் படையில் இருந்தவர். சைகைகளை உடைப்பதில் கெட்டிக்காரர். 2021 முதல் 2023 வரை தெரிந்தவர்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து எதிரணி ஆட்டங்களுக்கு அனுப்பினார். அவர்கள் போனில் எடுத்து வந்தார்கள். என்சிஏஏ பின்னால் எண்ணிப் பார்த்தபோது 13 எதிரணிகள், 52 ஆட்டங்கள் என்று வந்தது. அந்த வலையமைப்புக்கு அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் கேஜிபி! 2023 செப்டம்பரில் சென்ட்ரல் மிச்சிகன் அணியின் உடையைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு அவர்கள் பக்கமே போய் நின்றார் ஸ்டாலியன்ஸ். அந்த அளவுக்குத் துணிச்சல்.

பிடிபட்டது எப்படி என்பதுதான் முக்கியம். டிக்கெட்டுகளை அவர் தன் சொந்தப் பெயரிலேயே வாங்கியிருந்தார். விசாரணை என்றதும் மற்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் டிக்கெட் பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைத் தேடின. ஒரு மைதானத்தில் அந்த இருக்கையைக் கண்காணிப்புக் கேமராவில் பார்த்தபோது, உட்கார்ந்திருந்தவர் போனைத் தூக்கிப் பிடித்து உள்ளூர் அணியின் பக்கத்தையே எடுத்துக்கொண்டிருந்தாராம். உங்கள் மகனுக்கு வந்த டிக்கெட்டும் போனுக்குத்தானே அனுப்பப்பட்டிருக்கும்? யார் வாங்கினார், யாருக்கு மாற்றினார், எந்த வாசலில் எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது, எல்லாமே எங்கோ பதிவாகி இருக்கிறது. கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்பது நம் ஊர் பொருட்காட்சிக்குச் சரி.

தண்டனையைப் பாருங்கள். 2023 நவம்பரில், மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு, அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை மூன்று ஆட்டங்களுக்கு ஓரம் கட்டியது. அணி மூன்றிலும் ஜெயித்து, அந்த சீசனில் ஒன்றுகூடத் தோற்காமல் தேசியக் கோப்பையும் வாங்கியது. 2025 ஆகஸ்டில் என்சிஏஏ தீர்ப்பு வந்தபோது அந்தக் கோப்பையைப் பறிக்கவில்லை. இப்போது ஆடும் மாணவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று கோப்பைப் போட்டிகளுக்குத் தடையும் போடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அபராதம், மொத்தம் 2 கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். ஹார்பா அதற்குள் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார். அவர் மேல் பத்தாண்டு ஷோ காஸ், அதாவது அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியும் அவரை எளிதில் வேலைக்கு எடுக்க முடியாது. அந்தக் கடைநிலை ஊழியருக்கு எட்டு ஆண்டு. கோப்பை அலமாரியில் இருக்கிறது, ஸ்டாலியன்ஸுக்கு மிச்சிகன் வேலை போய்விட்டது. பாரம் கடைசியில் எங்கே இறங்குகிறது என்று மகனுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. விசாரணை தொடங்கியதும் ஸ்டாலியன்ஸ் தன் போனைக் குளத்தில் எறிந்தார். ஷெரோன் மூர் என்ற உதவிப் பயிற்சியாளர், அவரோடு பேசிய 52 மெசேஜ்களை அழித்தார். பின்னால் அவை மீட்கப்பட்டன. திட்டத்தில் பெரிதாக அவரைச் சிக்கவைக்கும் எதுவும் அதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அழித்ததற்காகவே அவருக்கு ஆட்டத் தடையும் இரண்டாண்டு ஷோ காஸும் வந்தன. அதற்குள் அவர் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார், அதுவும் உதவவில்லை. வீடியோ இருந்தால் உங்கள் மகன் "சொன்னார்கள், தெரியாமல் போனேன்" என்று நிரூபிக்கலாம். அழித்துவிட்டால் தெரிந்தே போனதாக ஆகிவிடும்.

"எல்லா டீமும் செய்யறது" என்ற வாதத்தை மிச்சிகனும் வைத்துப் பார்த்தது. தங்கள் சைகைகளை மற்ற அணிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதாக ஆவணம் காட்டியது. அப்படிப் பகிர்வதை எந்த விதியும் தடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சைகை திருட்டு ஊரறிந்த விஷயம் என்பதால் அதற்கு மாற்று வழியும் ஊரறிந்ததே. 2022 டிசம்பர் 31 அன்று டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணி, தங்கள் சைகை உடைக்கப்பட்டிருக்கும் என்று தெரிந்து, பழையதையே போலியாகக் காட்டி மிச்சிகனை 51–45 என்று தோற்கடித்ததாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கதை அது. ஹெல்மெட் ரேடியோ வந்தபின்னும் சைகை ஒழியவில்லை. ஒரு நேரத்தில் களத்தில் ஒருவருக்குத்தான் ரேடியோ, அதுவும் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அணைந்துவிடும். மற்ற பத்துப் பேர் இன்னும் ஓரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் உங்கள் மகனுக்கு இந்த வேலை வந்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? "எனக்கு இது விதிப்படி சரியா என்று தெரியவில்லை, கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று அந்த ஆளுக்கு எழுத்தில் ஒரு வரி அனுப்பட்டும். அனேகமாக அந்த வரியிலேயே பேச்சு நின்றுவிடும். சம்பளம் வாங்கும் மாணவர் ஊழியரும் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்தான். "நான் வெறும் ஸ்டூடன்ட்" என்பது செல்லாது. விதி விஷயங்களைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையிலும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் உண்டு. போன மாதம் போனதை அங்கே அவராகவே போய்ச் சொல்வது நல்லது. பல்கலைக்கழகம் தானாக முன்வந்து என்சிஏஏவிடம் சொன்னால் அது பொதுவாகச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும், சொன்ன மாணவருக்கும் அது உதவலாம்.

ஆனால் அங்கே போவதற்கு முன் ஒரு வேலை. மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் காசுக்கு வேலை பார்க்கக் கூடாது. 150 டாலர் ரொக்கம் என்பது ஃபுட்பால் விதியைவிட அவருக்குப் பெரிய தலைவலி. போன மாதம் வாங்கியது செலவுக்காசு மட்டும் என்பதால் நிலைமை அவ்வளவு மோசமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் விளையாட்டு விதி தெரிந்தவன், குடியேற்றச் சட்டம் தெரிந்தவன் அல்ல. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ சட்ட ஆலோசனை கிடைக்கும். முதலில் அங்கே போய், தேவையென்றால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் பார்த்துவிட்டு, யாரிடம் எதை எந்த வரிசையில் சொல்வது என்று கேட்டுக்கொள்ளட்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம். அவர்களுக்கு அரசிடம் தகவல் சொல்லும் கடமை உண்டு.

வீடியோ பிரிவு வேலையை விடச் சொல்லாதீர்கள், அது நல்ல வேலை. ஆட்டப் பதிவை வெட்டி, வகை பிரித்து, பயிற்சியாளர்களுக்குத் தருவது முழுக்க முறையான தொழில். படிப்பு முடிந்தபின் அதிலேயே போகிறவர்களும் உண்டு. சனிக்கிழமை தன் மைதானத்திலேயே டியூட்டி கேட்கட்டும். ஷிஃப்ட் பட்டியலில் பெயர் இருந்தால், வெளியூர் போகச் சொல்கிறவருக்குப் பதில் சொல்வதும் சுலபம்.